சைகோனில் திறப்புநாள் படையல் தொகுப்பு: வெளிநாட்டு முதலாளி வாங்கலாமா?

சைகோன் என்றும் அழைக்கப்படும் வியட்நாமின் ஹோ சி மின் நகரில் கடையோ உணவகமோ அலுவலகமோ புதிதாகத் திறக்கும் வெளிநாட்டவரிடம், உரிமம் கைக்கு வந்ததும் ஊழியர்கள் கேட்பது "பூசை என்றைக்கு?" என்பதுதான். பூசை போடாமல் கதவைத் திறந்தால் சட்டப்படி ஒன்றும் ஆகாது. ஆனால் முதல் மாதத்தில் குளிர்சாதனப் பெட்டி பழுதானாலும், சமையல்காரர் வேலையை விட்டுப் போனாலும், ஒரு வாரம் கூட்டம் குறைந்தாலும் காரணம் தயாராக இருக்கும்: "அன்றைக்கே படையல் போட்டிருக்க வேண்டும்." இதற்காகவே நகரமெங்கும் 'மாம் குங்' எனப்படும் படையல் தட்டுகளை மொத்தமாகத் தயாரித்து வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தரும் கடைகள் பெருகியிருக்கின்றன. ஸாலோ செயலியில் படம் பார்த்து ஆர்டர் செய்து, அட்வான்ஸ் கட்டினால் போதும். குறித்த நேரத்தில் எல்லாம் வந்து இறங்கும்.

இது தனி ஒரு கடையைப் பற்றிய விமர்சனம் அல்ல. அந்தச் சேவை என்ன தருகிறது, எங்கே சறுக்குகிறது என்பதே இங்கே பேச்சு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வாங்கலாம், கொடுக்கிற பணத்துக்குத் தகும். ஆனால் படத்தில் இருப்பதை அப்படியே ஆர்டர் செய்தால் பாதி வேலை தவறாகப் போகும்.

வழக்கமான தொகுப்பில் இருப்பவை: ஐந்து பழத் தட்டு, பூ (பெரும்பாலும் சாமந்தி அல்லது கிளாடியோலஸ்), ஊதுபத்தி, ஒரு ஜோடி மெழுகுவத்தி, வெற்றிலை பாக்கு, அரிசி, உப்பு, தேயிலை, அரிசிச் சாராயம், தண்ணீர், ஒட்டரிசிச் சோறு, இனிப்புக் கஞ்சி, அலைந்து திரியும் ஆவிகளுக்கான வெள்ளைக் கஞ்சி, அவித்த கோழி, எரிப்பதற்கான காகிதப் பணம், அச்சடித்த வேண்டுதல் வாசகம். இதோடு 'தாம் சென்' என்ற மூன்றும் உண்டு: வேகவைத்த பன்றி இறைச்சித் துண்டு, முட்டை, இறால் அல்லது நண்டு. நிலம், வானம், நீர் ஆகியவற்றில் வாழ்பவற்றுக்கு ஒவ்வொன்று. விலை கூடிய தொகுப்பில் சுட்ட பால்குட்டிப் பன்றியும் வரும்.

பழத்தட்டைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் கடைக்காரர்கள் கை வைப்பது அங்கேதான். தெற்கு வியட்நாமில் அந்த ஐந்து பழங்களும் ஒரு வாக்கியம். சீத்தாப்பழம், தேங்காய், பப்பாளி, மாம்பழம் என்று வரிசையாகச் சொன்னால் அவர்கள் மொழியில் 'வேண்டுகிறோம், செலவுக்குப் போதுமான அளவு' என்று காதில் விழும். ஐந்தாவதாக அத்திக்காய்க் கொத்து வைத்தால் 'நிறைவாக' என்றும் சேர்ந்துகொள்ளும். சீத்தாப்பழம் கிடைக்காத நாளில் அதன் உறவான முள்சீத்தா வரலாம். பெயரில் அதே ஒலி இருப்பதால் யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் சந்தையில் கிடைத்ததை வைத்து நிரப்பி, ஆரஞ்சும் பேரிக்காயும் வந்தால் ஊழியர்கள் முகம் மாறிவிடும். ஆரஞ்சின் பெயர் பிறர் தவறுக்குத் தான் தண்டனை அனுபவிப்பதைச் சொல்லும் பழமொழியில் வருகிறது. பேரிக்காயின் பெயர் காலை இழுத்து இழுத்து நடப்பதைக் குறிக்கும். டுரியனின் வியட்நாமியப் பெயரைத் 'தனித்துயரம்' என்றே படிக்கலாம். வாழைப்பழத்தின் ஒலி தலைகுப்புறச் சாய்வதை நினைவூட்டுவதால் தெற்கில் ஐம்பழத் தட்டில் அதற்கு இடமில்லை. ஹனோயிலோ நிலைமை நேரெதிர். பச்சை வாழைச் சீப்பில்தான் மற்ற பழங்கள் உட்காரும்.

எனவே ஆர்டர் செய்யும்போது 'தெற்குத் தட்டா, வடக்குத் தட்டா' என்று கேட்டு எழுதி வாங்குவது நல்லது. சைகோனில் கடை என்றாலும் மேலாளரும் மூத்த ஊழியர்களும் வடக்கிலிருந்து வந்தவர்கள் என்றால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வடக்கில் பன்றியைவிட முழு அவித்த சேவல்தான் தட்டின் நடுநாயகம். அதன் அலகில் ஒரு சிவப்பு ரோஜா செருகியிருக்கும். ஒட்டரிசிச் சோறும் காக் என்ற பழத்தால் சிவந்த நிறத்தில் இருக்கும்.

பன்றி வாங்குவதா வேண்டாமா? பதினைந்து பேருக்கு மேல் ஊழியர்கள் இருந்தால் வாங்கலாம். ஐந்து கிலோ அளவுள்ள பால்குட்டிப் பன்றி அவர்களுக்கு மதிய உணவாகிவிடும். படைத்ததை எல்லோரும் பகிர்ந்து உண்பதே இந்தச் சடங்கின் பாதி. முதுகில் ஒரு கத்தியைக் குத்தி நிறுத்தி வைப்பது தெற்கத்தி வழக்கம். தெய்வங்கள் வெட்டிச் சாப்பிட வசதியாக என்று விளக்கம் சொல்வார்கள். தொகுப்பில் கத்தி வராது, ஊழியர்கள் கடைசி நிமிடத்தில் தேடுவார்கள். சுத்தமான கத்தி ஒன்றை முன்னாலேயே எடுத்து வையுங்கள். இன்னொன்று: மூடிய பெட்டியில் ஒரு மணி நேரம் இருந்தாலே ஆவி பட்டுப் பன்றியின் தோல் மொறுமொறுப்பு இழக்கும். மற்ற பொருள்கள் ஒன்றரை மணி நேரம் முன்னால், பன்றி மட்டும் அரை மணி நேரம் முன்னால் என்று இரண்டு டெலிவரியாகக் கேட்டுப் பாருங்கள். நல்ல கடைகள் ஒத்துக்கொள்ளும்.

இறைச்சி வேண்டாம் என்றால் சைவத் தட்டு கிடைக்கிறது, அதில் யாருக்கும் மனக்குறை வராது. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் வியட்நாமியர்களில் பலர் தாங்களே சைவம் உண்பவர்கள்.

இனி நாளும் நேரமும். பெரும்பாலான கடைகள் 'இலவசமாக நாள் பார்த்துத் தருகிறோம்' என்கின்றன. முதலாளியின் பிறந்த ஆண்டைக் கேட்டு, பொருந்தும் நாளையும் நல்ல நேரத்தையும் அனுப்புவார்கள். ஒரு நாளில் இரண்டிரண்டு மணி நேரமாகப் பன்னிரண்டு பிரிவுகள், அவற்றில் ஆறு நல்லவை. கடைத் திறப்புக்கு ஏழிலிருந்து பதினொன்றுக்குள் விழும் நல்ல நேரத்தைத்தான் எல்லோரும் விரும்புவார்கள். தவிர்க்கும் நாள்களில் முக்கியமானவை சந்திர மாதத்தின் 5, 14, 23. இலக்கங்களைக் கூட்டினால் ஒவ்வொன்றும் ஐந்து. இந்த நாள்களில் ஊர் சுற்றப் போனாலே நட்டம், வியாபாரத்துக்குப் போனால் கேட்கவே வேண்டாம் என்று பொருள்படும் ஈரடிச் சொலவடை அங்கே குழந்தைகளுக்கும் தெரியும். 3, 7, 13, 18, 22, 27 ஆகிய நாள்களையும் பலர் ஒதுக்குவார்கள்.

வெளிநாட்டவர் விஷயத்தில் பிழை புகுவது பிறந்த ஆண்டில்தான். ஜனவரியிலோ பிப்ரவரி முதல் பாதியிலோ பிறந்தவர் சந்திரக் கணக்கில் முந்தைய ஆண்டுக்காரராக இருக்கக்கூடும். ஆண்டை மட்டும் சொன்னால் கடைக்காரர் தவறாகக் கணிப்பார். முழுத் தேதியைச் சொல்லுங்கள். சீன நாட்காட்டித் தளங்களில் பார்த்துவிட்டுச் சொல்வதும் கூடாது. சந்திர ஆண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கின் பெயர் உண்டு. வியட்நாமில் முயல் ஆண்டு கிடையாது, அது பூனை ஆண்டு; காளைக்குப் பதில் எருமை. தேதியே மாறும் ஆண்டுகளும் உண்டு. 1985இல் வியட்நாமில் தெத் என்ற புத்தாண்டு ஜனவரி 21 அன்று வந்தது, சீனாவில் பிப்ரவரி 20 அன்று. இடைப்பட்ட நாள்களில் பிறந்தவர் சீனக் கணக்கில் எலி, வியட்நாம் கணக்கில் எருமை.

அடுத்தது 'தாம் தாய்' என்ற மூன்றாண்டுக் கெட்ட காலம். பன்னிரண்டு ஆண்டுச் சுழற்சியில் ஒவ்வொருவருக்கும் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வரும். பன்றி, பூனை, ஆடு ஆண்டுகளில் பிறந்தவர்களுக்கு 2025, 2026, 2027 மூன்றும் அந்தக் காலம். 1983, 1987, 1991 பிறப்புகள் பெரும்பாலும் இதில் சிக்கும். இதற்கு வியட்நாமியர்களே வைத்திருக்கும் தீர்வு எளிது: வயதைக் 'கடன் வாங்குவது'. பொருத்தமான ஆண்டில் பிறந்த ஊழியரோ பங்குதாரரோ முதல் ஊதுபத்தியை ஏற்றி வாசகத்தைப் படிப்பார், முதலாளி பின்னால் நிற்பார். இதற்குச் செலவே இல்லை.

கடைக்காரர் இந்த இடத்தில் 'தோஷம் கழிக்கும் சடங்கு தனி' என்று இன்னொரு பெரிய தொகையைச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பயத்தை விற்கிறவர் படையல் விற்கிறவர் அல்ல. வியட்நாமின் 2015ஆம் ஆண்டு குற்றவியல் சட்டத்தின் 320ஆம் பிரிவு, மூடநம்பிக்கையைத் தொழிலாக நடத்துவதைக் குற்றமாக்குகிறது. படையல் போடுவது அதில் வராது; குறி சொல்லிப் பணம் பறிப்பது வரலாம்.

அச்சடித்த வாசகத்தில் நிறுவனத்தின் பெயர், பொறுப்பாளர் பெயர், சந்திரத் தேதி, முகவரி ஆகியவற்றுக்கு இடம் விட்டிருப்பார்கள். முகவரியைக் கவனியுங்கள். 2025 ஜூலை 1 முதல் வியட்நாமில் மாவட்ட நிர்வாக அடுக்கே எடுக்கப்பட்டுவிட்டது, வார்டுகள் இணைக்கப்பட்டுப் பெயர்கள் மாறின. பல கடைகளின் அச்சில் 'மாவட்டம்' என்ற கோடு இன்னும் இருக்கிறது. அந்த வாசகம் நிலத்தின் தெய்வத்திடம் 'நாங்கள் இந்த இடத்தில் இருக்கிறோம்' என்று அறிவிக்கும் விண்ணப்பம், எனவே முகவரி தவறினால் படிக்கிறவர் தடுமாறுவார். புதிய வார்டுப் பெயரை எழுதி, பழைய பெயரையும் பக்கத்தில் சேர்த்துக்கொள்வது எல்லோருக்கும் திருப்தி. வியட்நாமிய மொழி தெரியாத முதலாளி படிக்க முயல வேண்டாம். கையில் ஊதுபத்தியோடு நின்று மூன்று முறை குனிந்தால் போதும்.

அன்றைய வரிசை இப்படி: மேசையை வாசலில் வைத்து, தட்டை அடுக்கி, மெழுகுவத்தி ஏற்றி, பிறகு ஊதுபத்தி. எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். ஒன்றோ மூன்றோ ஐந்தோ. வாசகம் படித்த பிறகு முதலாளி, மேலாளர், மற்றவர்கள் என்று ஒவ்வொருவராக ஊதுபத்தி செருகுவார்கள். கத்தோலிக்க ஊழியர்கள் சிலர் ஒதுங்கி நிற்கக்கூடும், அவர்களை அழைத்துச் சங்கடப்படுத்த வேண்டாம். ஊதுபத்தி எரிந்து முடியும் தறுவாயில் காகிதப் பணத்தை எரிக்க வேண்டும். கட்டாகப் போட்டால் நடுப்பகுதி எரியாமல் கரியாக நிற்கும். பாதி எரிந்த பணம் மேலே போய்ச் சேராது என்பது நம்பிக்கை. தாள்களை முன்கூட்டியே பிரித்து, சற்றுக் கசக்கி, அடியில் துளையிட்ட தகரப் பீப்பாயில் சிறிது சிறிதாகப் போடுங்கள். பீப்பாய் தொகுப்பில் வருவதில்லை என்பது இந்தச் சேவையின் பெரிய குறை.

அலுவலகம் மாடிக் கட்டடத்தில் இருந்தால் கட்டட நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியே ஆக வேண்டும். புகை உணர்கருவி ஒரு கட்டு ஊதுபத்திக்கே அலறிவிடும். மொத்தக் கட்டடமும் படியில் இறங்கி ஓடுவது நல்ல தொடக்கம் ஆகாது. நிர்வாகத்தினர் பெரும்பாலும் பழகியவர்கள்தான். எங்கே எரிக்கலாம், எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். மாடிக்கு மின்சார மெழுகுவத்தியும் குறைந்த புகை ஊதுபத்தியும் தரச் சொல்லிக் கேட்கலாம்.

அரிசியும் உப்பும் குழப்பத்தின் உறைவிடம். வாசலில் ஆவிகளுக்காக வைத்த அரிசியையும் உப்பையும் முடிவில் வெளிப்பக்கமாக இறைப்பார்கள். கடைக்குள் மாடத்தில் இருக்கும் செல்வக் கடவுளின் முன் வைத்தவற்றையோ இறைக்கவே கூடாது, உள்ளேயே எடுத்து வைக்க வேண்டும். அங்கே படைத்த தண்ணீரையும் சாராயத்தையும் வெளியிலிருந்து உள்நோக்கித் தெளிப்பார்கள். இரண்டும் ஒரே மாதிரிப் பொட்டலத்தில் வருவதால் துப்புரவு வேளையில் மாறிப்போகும். வந்து இறங்கியதும் பேனாவால் குறித்துவிடுங்கள்.

அந்தச் செல்வக் கடவுள் மாடத்தைக் கூடுதல் விலைக்குச் சேர்த்து விற்கும் கடைகள் நிறைய. கடவுளின் பெயர் 'தன் தாய்' என்று ஒலிக்கும். தமிழில் வேறு பொருள் தந்தாலும் ஒலி அதுதான். துணைக்கு வயிறு பெருத்துச் சிரிக்கும் நிலக் கடவுள் 'ஓங் தியா'. சிவப்புச் சாயம் பூசிய இந்த மாடம் தரையில்தான் இருக்க வேண்டும், முதுகு சுவரில் சாய்ந்து, முகம் வாசலை நோக்கி. உயரமான அலமாரியில் ஏற்றி வைப்பது மரியாதை என்று வெளிநாட்டவர் நினைப்பார்கள், அது தவறு. கழிவறைச் சுவரையொட்டியும் கூடாது. வெளியிலிருந்து பார்க்கும்போது இடப்பக்கம் செல்வக் கடவுள், வலப்பக்கம் நிலக் கடவுள், நடுவில் அரிசி, உப்பு, தண்ணீர் என மூன்று சிறு ஜாடிகள். பூச்சாடி வலம், பழத்தட்டு இடம். ஐந்து குவளைத் தண்ணீர் சிலுவை வடிவில். வாயில் காசு கவ்விய தேரை பொம்மையைக் காலையில் வாசலை நோக்கியும் மாலையில் உள்நோக்கியும் திருப்பி வைப்பார்கள். ஊதுபத்திக் கிண்ணத்தை மட்டும் ஒருமுறை வைத்தால் அசைக்கக் கூடாது. கிண்ணம் நகர்ந்தால் வருமானமும் நகரும் என்பார்கள். துடைக்கிறவர் கை படாதபடி அடியில் ஒட்டிவிடுவது நடைமுறை.

மாடத்தை வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி: தினமும் யார் பார்த்துக்கொள்வார்? தண்ணீர் அன்றாடம் மாற வேண்டும், வாடிய பூ நிற்கக் கூடாது. தெற்கில் நிலக் கடவுளுக்குக் கறுப்புக் காபியும் சிகரெட்டும் பிடிக்கும் என்பார்கள். ஐம்பழத் தட்டில் விலக்கப்பட்ட வாழைப்பழம் இவருக்கு மட்டும் விருப்பம். இந்தப் பொறுப்பை ஒரு ஊழியர் மனமுவந்து ஏற்றால் வாங்குங்கள். தூசி படிந்த மாடம் வைத்திருப்பதைவிட மாடம் இல்லாதிருப்பது மேல். வாடிக்கையாளர்களும் அதைக் கவனிக்கிறார்கள்.

தொகுப்பு எதைத் தராது? முதல் வாடிக்கையாளரை. 'மோ ஹாங்' எனும் முதல் விற்பனை அன்றைய நாளையே தீர்மானிக்கும் என்பது சந்தைக்காரர்களின் உறுதியான நம்பிக்கை. திறப்புநாளில் பேரம் பேசாமல் வாங்கிச் செல்லும், முகமலர்ச்சியுள்ள ஒருவரை முன்பே ஏற்பாடு செய்வது வழக்கம். ஊழியர்களிடம் கேட்டால் யார் கைராசிக்காரர் என்று அவர்களே சொல்வார்கள். இதே விதி நாம் வாங்கப் போகும்போதும் பொருந்தும். விடியற்காலையில் சந்தைக்குப் போய் அரை மணி நேரம் விலை கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பினால், கடைக்காரம்மா காகிதத் துண்டைக் கொளுத்தி வாசலில் சுழற்றித் தீட்டு கழிப்பார். பொருள் விலை விசாரிக்கப் பத்து மணிக்கு மேல் போங்கள். சந்திர மாத முதல் நாளில் பாக்கி கேட்டுப் போவதையும் தவிர்க்கலாம். அன்று பணம் கையைவிட்டுப் போனால் மாதம் முழுதும் போகும் என்று எண்ணுவோர் பலர்.

ஏழாம் சந்திர மாதத்தில் திறப்பே வைக்க வேண்டாம். ஆவிகள் திறந்துவிடப்படும் மாதம் என்று கடை திறப்பு, வீடு வாங்குதல், பெரிய ஒப்பந்தம் எல்லாவற்றையும் தள்ளிப்போடுவார்கள். நம் ஆடி மாதத் தயக்கம் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 2026இல் அது ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 10 வரை. கையெழுத்து வேண்டுமென்றால் ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் வாங்கிவிடுங்கள், இல்லையேல் செப்டம்பர் இறுதிக்குத் திட்டமிடுங்கள். திறப்புநாள் படம் எடுக்கும்போது மூவராக நிற்க வேண்டாம்; நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்பார்கள். நான்காவது ஒருவரை அழைத்துக்கொண்டால் முடிந்தது.

வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். காலையில் முதலில் பெண் எதிரே வந்தால் ஆகாது என்பதும், பிறந்த ஆண்டு பொருந்தவில்லை என்று ஆளை வேலைக்கு எடுக்க மறுப்பதும் அங்கே உண்டு. படையலை மனமார ஏற்றுக்கொள்கிற முதலாளி இவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. ஒருவரையும் காயப்படுத்தாத வழக்கத்துக்கு இடம் கொடுங்கள். ஆளைத் தள்ளிவைக்கும் வழக்கத்தை உங்கள் கடைக்குள் விடாதீர்கள்.

விலை: பன்றி இல்லாத எளிய தட்டு ஏறத்தாழ 20 லட்சம் டாங், பன்றியும் கோழியும் சேர்ந்தால் அதன் இரட்டிப்பைத் தாண்டும். அதற்கு மேல் போகும் தொகுப்புகளில் கூடுவது பெரும்பாலும் அலங்காரமும் காகிதப் பொருள்களும்தான், அவை தேவையில்லை. நிறுவனக் கணக்கில் எழுத வேண்டுமானால் வரி ரசீது தருவார்களா என்று அட்வான்ஸ் கட்டும் முன் கேளுங்கள். சிறு கடைகள் பல தருவதில்லை.

இந்த நாட்டில் தமிழர் வழியும் ஒன்று இருக்கிறது. சைகோனின் நடுவில் துருவோங் தின் தெருவில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோவிலில் இன்று கூடுவோரில் பெரும்பாலோர் வியட்நாமியர். அம்மன் சன்னிதிச் சுவரில் நெற்றியை வைத்து வியாபாரத்துக்காக வேண்டிக்கொள்கிறார்கள். திறப்புக்கு முந்தைய நாள் ஊழியர்களோடு அங்கே போய்வருவதற்குக் காசு செலவில்லை.

சாதாரண நாளுக்கு ஐந்து நாள் முன்பு ஆர்டர் செய்தால் போதும். தெத் முடிந்து அலுவலகங்கள் மறுபடி திறக்கும் வாரத்திலும், முதல் சந்திர மாதம் பத்தாம் நாளான செல்வக் கடவுள் நாளிலும் அது நடக்காது. அன்று தங்கக் கடைகளிலும் வரிசை, தன் பூ பகுதியின் தன் கீ தன் குயி தெருவில் கரும்புக் குச்சியில் செருகிச் சுட்ட விரால் மீனுக்கும் விடிவதற்கு முன்பே வரிசை. அந்த நாளுக்குத் தட்டு வேண்டுமானால் தெத்துக்கு முன்னரே பணம் கட்டி, டெலிவரி நேரத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.